நூற்றுக்கு எத்தனை பேர் என்றால், எந்த நூறு? சர்க்கரை நோய்ப் பின்விளைவு ஆய்வுகளுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

சென்னையில் சர்க்கரை நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்குக் கண் விழித்திரை பாதித்திருக்கிறது? 1996இல் வெளியான ஓர் ஆய்வைப் பார்த்தால் 34.1 சதவீதம். 2005இல் வெளியான இன்னோர் ஆய்வில் 17.6 சதவீதம். இரண்டு கட்டுரைகளிலும் முதல் பெயர் ஒரே கண் மருத்துவருடையது, டாக்டர் எம். ரெமா. ஊரும் அதே ஊர்தான். ஒன்பது ஆண்டுகளில் பாதிப்பு பாதியாகிவிட்டதா என்றால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஆய்வில் இருந்தவர்கள் ஒரு சர்க்கரை நோய்ச் சிறப்பு மையத்தைத் தேடி வந்த 6,792 பேர். இரண்டாவதில் இருந்தவர்கள், மாநகராட்சி வார்டுகளில் வீட்டுக் கதவைத் தட்டிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள்.

சிறப்பு மையத்துக்கு யார் வருவார்கள்? பார்வை மங்கியவர், கால் எரிச்சல் தாங்காதவர், தெருமுனை டாக்டர் "இனிமே பெரிய இடத்துல காட்டிடுங்க" என்று சொல்லி அனுப்பியவர். பல ஆண்டுகளாக நோயோடு இருப்பவர்கள் அங்கே அதிகம். அவர்களிடம் பாதிப்பும் அதிகமாகத்தான் இருக்கும். இரண்டு எண்களும் சரியானவையே. எண்ணிய கூட்டம்தான் வேறு.

சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்கள், பொதுச் சுகாதாரப் படிப்பில் சேர்ந்தவர்கள், கள ஆய்வு வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள், பத்திரிகையில் மருத்துவச் செய்தி எழுதுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெரிய கணக்கறிவு வேண்டாம், சதவீதம் போடத் தெரிந்தால் போதும். ஆனால் சதவீதத்தைப் பார்த்ததும் நம்பிவிடும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படி 1: கோட்டுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்ததும் சுருக்கத்தைப் படித்துவிட்டு முடிவுக்குத் தாவுவதுதான் எல்லோருடைய வழக்கம். அப்படிச் செய்யாமல் நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். யாரை அழைத்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், வராதவர்கள் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும்வரை அடுத்த பக்கம் புரட்ட வேண்டாம். பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருக்கும் எண்ணைத்தான் செய்தித்தாள் தலைப்பாக்கும். ஆய்வு தேறுமா தேறாதா என்பதைக் கீழே இருக்கும் எண் சொல்லிவிடும்.

மேலே சொன்ன 2005 ஆய்வையே பிரித்துப் பார்ப்போம். க்யூர்ஸ் என்று அழைக்கப்படும் பெரிய ஆய்வின் ஒரு பகுதி அது. 2001இல் தொடங்கியது. அப்போது சென்னை மாநகராட்சியில் 155 வார்டுகள். அவற்றில் 46ஐத் தேர்ந்தெடுத்து, 20 வயதும் அதற்கு மேலும் உள்ள 26,001 பேரை வீடுகளிலேயே சந்தித்து விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஏற்கெனவே தங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அறிந்திருந்தவர்கள் 1,529 பேர். அவர்களை முழுப் பரிசோதனைக்கு அழைத்தபோது 1,382 பேர் வந்தார்கள், அதாவது 90.4 சதவீதம். ஆய்வின்போது புதிதாகக் கண்டறியப்பட்ட 354 பேரும் இவர்களோடு சேர்க்கப்பட்டார்கள். விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்த 1,715 பேரில் மொத்தம் 17.6 சதவீதம் பேருக்குப் பாதிப்பு.

இந்த 17.6க்குள் இன்னும் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. முன்பே தெரிந்த நோயாளிகளில் 20.8 சதவீதம், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் 5.1 சதவீதம். கூட்டத்தில் ஐந்தில் ஒருவர் புதியவர் என்பதால்தான் மொத்தம் 17.6. இதே ஆய்வை, பாதிப் பேருக்குத் தங்கள் நோயே தெரியாத ஒரு பகுதியில் செய்திருந்தால்? தாளில் போட்டுப் பாருங்கள், மொத்தம் 13 சதவீதத்துக்கு வந்துவிடும். கண் பராமரிப்பு அங்கே மேம்பட்டது என்று யாராவது மேடையில் பேசவும்கூடும். உண்மையில் நடந்தது, லேசான நோயாளிகள் பட்டியலில் கூடினார்கள் என்பது மட்டும்தான்.

'புதிது' என்ற பிரிவையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய யுகேபிடிஎஸ் என்ற புகழ்பெற்ற ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஆண்களில் 39 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் விழித்திரையில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. சென்னையில் 5.1. படம் எடுத்த முறையும் தரம் பிரித்த முறையும் வேறு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அங்கே புதியவர் என்றால் குடும்ப டாக்டரிடம் போய், சோதித்து, தெரிந்துகொண்டவர். இங்கே புதியவர் என்றால் தன் பாட்டுக்கு வீட்டில் இருந்தபோது யாரோ வந்து விரலில் குத்தியதால் தெரிந்துகொண்டவர். இரண்டாமவருடைய உடலில் சர்க்கரை ஏறத் தொடங்கி அதிக காலம் ஆகியிருக்காது.

வராதவர்களையும் மறக்க வேண்டாம். 90 சதவீதம் வருகை என்பது இந்தத் துறையில் மிக நல்ல எண். 60க்குக் கீழே போனால் எனக்குச் சந்தேகம் தொடங்கிவிடும். பகலில் வீட்டுக்குப் போனால் வேலைக்குப் போகும் ஆண்கள் கிடைக்க மாட்டார்கள். நடக்க முடியாதவர்கள் முகாமுக்கு வர மாட்டார்கள், ஆனால் பின்விளைவுகள் அதிகம் இருப்பது அவர்களிடம்தான்.

படி 2: எதை நோய் என்று எண்ணினார்கள்?

வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் நோய். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்றால் 6.5 சதவீதம். இன்று எல்லோருக்கும் தெரிந்த கோடுகள் இவை. ஆனால் 1997வரை வெறும் வயிற்றுக் கோடு 140இல் இருந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்த ஆண்டு அதை 126க்கு இறக்கியது, உலக சுகாதார நிறுவனமும் பின்தொடர்ந்தது. ஒரே இரவில் லேசான சர்க்கரை உள்ள பெருங்கூட்டம் நோயாளிப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. 1990களின் ஆய்வையும் 2000களின் ஆய்வையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன் இரண்டும் எந்தக் கோட்டைப் பயன்படுத்தின என்று பாருங்கள். மூன்று சோதனைகளும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

களத்தில் இந்தக் கோடு எப்படி வழுக்குகிறது என்று பார்க்க ஒரு முகாம் காலையைப் பாருங்கள். ஆறரை மணிக்கு மேசை போட்டாயிற்று. குளுக்கோஸ் பொட்டலம் 82.5 கிராம். கடையில் கிடைக்கும் குளுக்கோஸில் நீர்ச்சத்து கலந்திருப்பதால், 75 கிராம் உள்ளே போக 82.5 எடைபோட வேண்டும். இதைத் தவறவிடும் முகாம்கள் உண்டு. கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். முதலில் வந்த அம்மாவிடம் களப்பணியாளர் கேட்கிறார்: "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" "ஒண்ணும் சாப்பிடலம்மா. வெறும் வயித்துலதான் வந்திருக்கேன்." "காபி?" "காபியெல்லாம் குடிக்கறதில்ல கண்ணு." "டீ?" "அது... அரை டம்ளர்." அந்த அரை டம்ளரைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள்தான் ஆய்வைக் காப்பாற்றுகிறார். படிவத்தில் "உணவு உண்டாரா: இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போனால், அந்த அம்மா கணினியில் சர்க்கரை நோயாளியாகவே பதிவாகிவிடலாம்.

பின்விளைவுகளின் வரையறை இதைவிடச் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பலவீனம்.

கண்ணுக்கு விழித்திரைப் படம். எத்தனை கோணத்தில் எடுத்தார்கள், தரம் பிரித்தவருக்கு நோயாளியின் விவரம் தெரியாமல் மறைத்தார்களா என்று பாருங்கள். கையில் டார்ச் போன்ற கருவியை வைத்துக்கொண்டு பார்த்து எழுதிய எண், படம் எடுத்து எழுதிய எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும்.

சிறுநீரகத்துக்குச் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடும் உடலுழைப்பு என எது இருந்தாலும் ஒருநாள் அளவு ஏறிவிடும். அதனால் மருத்துவமனையில் சில மாத இடைவெளியில் மூன்று முறை பார்த்து, இரண்டில் அதிகமாக இருந்தால்தான் முத்திரை குத்துவார்கள். மக்களிடையே செய்யும் ஆய்வில் பெரும்பாலும் ஒரே ஒரு மாதிரிதான். க்யூர்ஸில் தொடக்கநிலை அல்புமின் கசிவு 26.9 சதவீதம், முற்றிய நிலை 2.2 சதவீதம். இரண்டையும் கூட்டி "29 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் போய்விட்டது" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது! முதல் வகையில் பலருக்குச் சிகிச்சையில் இயல்புநிலை திரும்பும்.

நரம்புக்குப் பயோதீசியோமீட்டர். கால் கட்டைவிரலில் அதிரும் முனையை வைத்து, எத்தனை வோல்ட்டில் அதிர்வு தெரிகிறது என்று கேட்பார்கள். க்யூர்ஸ் 20 வோல்ட்டைக் கோடாக வைத்தது, கிடைத்தது 26.1 சதவீதம். வேறு பல ஆய்வுகள் 25 வோல்ட் வைக்கும், எண் சட்டென்று இறங்கும். வயதானால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இந்த உணர்வு மங்கும் என்பதால், சர்க்கரை இல்லாத அதே வயதினரோடு ஒப்பிட்டார்களா என்பதும் கேள்வி.

கால் ரத்தக்குழாய்க்கு, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று வைப்பார்கள். நெடுநாள் சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்துவிட்டால் பட்டை இறுக்கினாலும் குழாய் நசுங்காது, விகிதம் 1.3, 1.4 என்று பொய்யாக ஏறும். அடைப்பு அதிகம் உள்ளவரே "நலம்" என்ற பிரிவில் போய் உட்கார்ந்துகொள்வார்.

இதயம்தான் இருப்பதிலேயே கடினம். மக்களிடையே போய் ஆஞ்சியோ செய்ய முடியாது. நெஞ்சுவலிக் கேள்விப் பட்டியல், ஈசிஜி, பழைய மருத்துவமனைச் சீட்டு, இவைதான் கையில் இருப்பவை. சென்னையில் 1996-98இல் ஒரு நடுத்தர வருமானப் பகுதியையும் ஒரு குறைந்த வருமானப் பகுதியையும் எடுத்துச் செய்த கப்ஸ் என்ற ஆய்வில், சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 9.1 சதவீதம், நோய்க்கு முந்தைய நிலையில் 14.9, சர்க்கரை நோயாளிகளில் 21.4 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் என்று கண்டார்கள். படிப்படியாக ஏறும் இந்த வரிசை முக்கியமானது. ஆனால் ஈசிஜியில் பழைய மாரடைப்பைக் காட்டும் ஆழமான க்யூ அலையும், எத்தனையோ காரணங்களால் வரக்கூடிய எஸ்டி, டி அலை மாற்றங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல. பெண்களிடம் இரண்டாம் வகை மாற்றம் அதிகம். எந்த வகையை எண்ணினார்கள் என்று பார்க்காமல் ஈசிஜி சதவீதங்களை ஒப்பிடாதீர்கள்.

படி 3: சிறு குழாய் வேறு, பெருங்குழாய் வேறு

கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை நுண்ணிய ரத்தக்குழாய்களின் கதை. மாரடைப்பு, பக்கவாதம், காலில் அடைப்பு ஆகியவை பெரிய குழாய்களின் கதை. "பின்விளைவுகள்" என்று ஒரே பையில் போட்டுப் பேசுவது வசதிதான், ஆனால் காரணங்களின் பங்கு வேறு. யுகேபிடிஎஸ் தரவில், எச்பிஏ1சி ஒரு சதவீதப் புள்ளி குறைவாக இருந்தவர்களிடம் நுண்குழாய்ப் பின்விளைவுகள் 37 சதவீதம் குறைவு, மாரடைப்பு 14 சதவீதம் மட்டுமே குறைவு. கண்ணுக்குச் சர்க்கரையே பிரதான எதிரி. இதயத்துக்கோ ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, வயது எல்லாம் கூட்டாளிகள். ஆகவே இதயம் பற்றிய ஆய்வில் புகையிலையும் ரத்த அழுத்தமும் கணக்கில் எடுக்கப்படாவிட்டால் அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடலாம்.

படி 4: ஒரு நாள் எடுத்த படமா, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததா?

க்யூர்ஸின் கண் எண்ணும் கப்ஸின் இதய எண்ணும் ஒருமுறை போய்ப் பார்த்து எடுத்தவை. இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லும், யாருக்கு வரும் என்று சொல்லாது. அதோடு, மாரடைப்பில் இறந்துபோனவர் கதவைத் திறந்து பதில் சொல்ல மாட்டார். கடுமையான நோய் உள்ளவர்கள் ஆய்வுக்கு முன்பே இறந்திருந்தால், அந்த ஊரில் இதய நோய் குறைவு என்று தோன்றும். சிகிச்சை மேம்பட்டு அவர்கள் பிழைக்கத் தொடங்கினால், இதய நோய் கூடிவிட்டதாகத் தோன்றும். விநோதம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் வேலை செய்யும்.

பின்தொடரும் ஆய்வுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்காம் ஊர்தான் முன்னோடி. 1948இல் 5,209 பேரோடு தொடங்கியது. இருபது ஆண்டுப் பின்தொடர்வை வைத்து 1979இல் கன்னல், மக்கீ இருவரும் எழுதிய கட்டுரைதான், சர்க்கரை நோய் இதய நோய் அபாயத்தை ஆண்களில் ஏறத்தாழ இரண்டு மடங்கும் பெண்களில் மூன்று மடங்கும் கூட்டுகிறது என்று நிலைநாட்டியது. இப்படிப்பட்ட ஆய்வில் நீங்கள் பார்க்க வேண்டியது பாதியில் காணாமல் போனவர்களை. வீடு மாறினார்களா, இறந்தார்களா, சலித்துப்போய் விலகினார்களா? இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால் மீதியை எச்சரிக்கையோடு படியுங்கள்.

படி 5: "இரண்டு மடங்கு" என்றால், எதன் இரண்டு மடங்கு?

2010இல் 102 ஆய்வுகளின், ஏறக்குறைய 7 லட்சம் பேரின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், சர்க்கரை நோய் இதயத் தமனி நோய் அபாயத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது என்றே வந்தது. உறுதியான எண். ஆனால் மடங்கு மட்டும் தெரிந்தால் எதையும் தீர்மானிக்க முடியாது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சர்க்கரை இல்லாத 40 வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் பத்து ஆண்டுகளில் 20 பேருக்கு மாரடைப்பு வருமானால், சர்க்கரை உள்ளவர்களில் 40 பேர். 65 வயதில் அது 150இலிருந்து 300. மடங்கு ஒன்றே. கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் முதலில் 20 பேர், பின்னதில் 150 பேர். மருந்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிக்கு வேண்டியது மடங்கு அல்ல, இந்தக் கூடுதல் எண்ணிக்கை.

பெண்கள் விஷயத்திலும் இதே குழப்பம். 64 ஆய்வுகளைத் தொகுத்த 2014 கட்டுரையில் மடங்கு பெண்களுக்கு 2.82, ஆண்களுக்கு 2.16. "சர்க்கரை வந்தால் ஆண்களைவிடப் பெண்களுக்கே மாரடைப்பு அதிகம்" என்று உடனே ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பும். சர்க்கரை இல்லாத பெண்களுக்கு அபாயம் ஆண்களைவிடக் குறைவு என்பதால், அந்தச் சிறிய எண்ணின் 2.82 மடங்கு, ஆணின் பெரிய எண்ணின் 2.16 மடங்கைத் தாண்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. பெண்களுக்கு இயற்கையாக இருந்த அனுகூலத்தைச் சர்க்கரை பெருமளவு பறித்துவிடுகிறது என்று படிப்பதே சரி.

கீழே இருக்கும் கூட்டம் மாறினால் முடிவு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு ஃபின்லாந்து நல்ல உதாரணம். 1998இல் ஹாஃப்னர் குழு அங்கே கண்டது: மாரடைப்பே வராத சர்க்கரை நோயாளிகளில் ஏழு ஆண்டுகளில் 20.2 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த, சர்க்கரை இல்லாதவர்களில் 18.8 சதவீதம். "சர்க்கரை நோய் என்றாலே மாரடைப்பு வந்ததற்குச் சமம்" என்ற வாசகம் உலகெங்கும் மருத்துவர் மேசைகளில் ஏறி உட்கார்ந்தது. 2009இல் 13 ஆய்வுகளை, 45,108 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது, மாரடைப்பு வராத சர்க்கரை நோயாளிகளின் அபாயம் மாரடைப்பு வந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று வந்தது. நேற்று நோய் கண்டறியப்பட்டவரையும் இருபது ஆண்டு நோயாளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

மற்ற ஊர்களில் உருவான அபாய அட்டவணைகளை அப்படியே இங்கே கொண்டுவருவதிலும் இதே ஆபத்து உண்டு. 52 நாடுகளில் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாடுகளில் சுமார் 59. ஃபிரேமிங்காம் அட்டவணையில் ஒரு சேலத்துக்காரரின் வயதைப் போட்டுக் கணக்கிடும் முன் இதை யோசியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலகை 21 பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி அட்டவணை வெளியிட்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் கணக்கிடும் வடிவமும் அதில் உண்டு, களப்பணிக்கு அது மிகவும் கைகொடுக்கும்.

படி 6: பார்த்து எழுதியதையும் செய்து பார்த்ததையும் கலக்காதீர்கள்

சர்க்கரை அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது பார்த்து எழுதியது. சர்க்கரையை இறக்கினால் மாரடைப்பு குறையுமா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். யுகேபிடிஎஸ் அப்படிச் செய்து பார்த்தது. 1998இல் வந்த முடிவு: தீவிரச் சிகிச்சைப் பிரிவில் எச்பிஏ1சி 7.0, வழக்கமான பிரிவில் 7.9. நுண்குழாய்ப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. மாரடைப்பு 16 சதவீதம் குறைந்தது, ஆனால் பி மதிப்பு (சிகிச்சையால் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.052. வழக்கமான 0.05 கோட்டை மயிரிழையில் தவறவிட்ட அந்த எண்ணை வைத்துப் பத்து ஆண்டு சண்டை நடந்தது. 2008இல், ஆய்வு முடிந்து பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மாரடைப்பு 15 சதவீதம் குறைவு என்று உறுதியானது. இத்தனைக்கும் ஆய்வு முடிந்த ஓராண்டிலேயே இரு பிரிவினரின் எச்பிஏ1சி வித்தியாசம் மறைந்துவிட்டிருந்தது.

அதே 2008இல் அக்கார்டு ஆய்வு எதிர்த்திசையில் அதிர்ச்சி கொடுத்தது. 10,251 பேர், எச்பிஏ1சியை 6.0க்குக் கீழே இறக்கும் முயற்சி. தீவிரப் பிரிவில் 257 மரணம், வழக்கமான பிரிவில் 203. தீவிரப் பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். முரண்பாடா? கூட்டத்தைப் பாருங்கள். யுகேபிடிஎஸில் இருந்தவர்கள் புது நோயாளிகள். அக்கார்டில் இருந்தவர்கள் பல ஆண்டு நோயாளிகள், இதய நோய் இருந்தவர்கள் அல்லது வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள்.

2015இல் எம்பாக்ளிஃப்ளோசின் மருந்து இதய மரணத்தை 38 சதவீதம் குறைத்தது என்ற செய்தி வந்தபோதும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆய்வில் இருந்த 7,020 பேரும் ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். போன மாதம் சர்க்கரை கண்டறியப்பட்ட 38 வயதுக்காரருக்கு அந்த 38 சதவீதத்தை அப்படியே சொல்ல முடியாது.

படி 7: குறைந்தது, கூடியது என்று சொல்லும் கட்டுரைகள்

இங்கே ஒரே ஒரு கட்டுரையைப் படித்தால் போதும் என்பேன். 2014இல் கிரெக் குழு அமெரிக்காவைப் பற்றி எழுதியது. 1990க்கும் 2010க்கும் இடையில் சர்க்கரை நோயாளிகளிடையே மாரடைப்பு வீதம் 67.8 சதவீதம் குறைந்தது, பக்கவாதம் 52.7, கால் அகற்றல் 51.4, சிறுநீரகச் செயலிழப்பு 28.3 சதவீதம். பிரமாதமான முன்னேற்றம். ஆனால் அதே காலத்தில் நோய் உள்ளவர்களாகத் தங்களைச் சொன்னவர்கள் 65 லட்சத்திலிருந்து 2 கோடியே 7 லட்சமாகப் பெருகினார்கள். நோயாளிகளுக்குப் பதிலாக நாட்டின் மொத்த மக்களைக் கோட்டுக்குக் கீழே வைத்துக் கணக்கிட்டபோது, மாரடைப்பும் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி வரும் மரணமும் மட்டுமே குறைந்திருந்தன. பக்கவாதம், கால் அகற்றல், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை குறையவில்லை. ஒரு நோயாளிக்கு அபாயம் குறைந்தது, மருத்துவமனைக்குச் சுமை குறையவில்லை. டயாலிசிஸ் படுக்கை எத்தனை வேண்டும் என்று திட்டமிடுபவர் முதல் வரியை மட்டும் படித்தால் மாட்டிக்கொள்வார்.

படி 8: நீங்களே செய்யும்போது

முதல் ஆய்வுக்கே வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் இருக்கின்றன. ஆனால் அது எந்த நேரத்திலும் எடுத்த சர்க்கரை, வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்ல என்பதால், அதை வைத்து "நோயாளி" என்று எழுதாமல் "சர்க்கரை அதிகம்" என்று எழுதுங்கள். 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அவர்களுடைய துணைவர்கள் என 72,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட லாசி என்ற இந்திய முதியோர் ஆய்வில் இதய நோய், பக்கவாதம் பற்றி அவர்களே சொன்ன விவரங்கள் கிடைக்கும். டாக்டரிடமே போகாதவருக்கு அவர் சொல்லும் நோயும் இருக்காது என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் தமிழ்நாட்டில் வீட்டிலேயே மருந்து பெறுவோரின் பதிவுகளும் பெருகியிருக்கின்றன. அந்தக் கூட்டமும் ஊரின் எல்லாச் சர்க்கரை நோயாளிகளும் அல்ல, தனியார் மருத்துவரிடமே பார்ப்பவர்கள் அதில் இல்லை.

கணினியைத் திறக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "என் ஆய்வின் சதவீதங்கள் எல்லாம் இன்னாரில் இத்தனை பேர் என்பவை." அந்த "இன்னார்" தெளிவாகாவிட்டால் தரவைத் தொட வேண்டாம். முதல் அட்டவணையில் வயது, பால், நோய் எத்தனை ஆண்டு, எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், புகையிலை, சாப்பிடும் மருந்து ஆகியவை இருக்க வேண்டும். நோயின் காலம் விடுபட்டால் பின்விளைவு ஆய்வுக்கு அர்த்தமே இல்லை.

சதவீதத்தைத் தனியாக விடாதீர்கள், அதன் எல்லையையும், அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பையும் சொல்லுங்கள். 1,715 பேரில் 17.6 சதவீதம் என்றால்: 0.176ஐ 0.824ஆல் பெருக்கி, 1,715ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.0092. அதை 1.96ஆல் பெருக்கினால் 0.018, அதாவது 1.8 சதவீதப் புள்ளி. எனவே 15.8 முதல் 19.4 வரை. உங்களிடம் 100 பேர்தான் இருந்தால் அதே கணக்கு சுமார் 10 முதல் 25 வரை விரியும். அப்போது "மதுரையில் கோவையைவிட 3 சதவீதம் அதிகம்" என்றெல்லாம் எழுதக் கை வராது. எழுதும்போது, பார்த்து எழுதும் ஆய்வுகளில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று 2007இல் வெளியான ஸ்ட்ரோப் என்ற 22 அம்சப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குறைகள் அனுப்பும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வரும்வரை ஒருவருடைய விரலிலும் குத்தக் கூடாது. ஒப்புதலுக்குக் கொடுக்கும் தாளிலேயே, ஏதாவது கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். விழித்திரையில் ரத்தக்கசிவு தெரிந்த ஒருவரை "முடிவு தபாலில் வரும்" என்று அனுப்பிவிடுவது இந்தத் துறையில் நான் பார்க்கும் மோசமான வழக்கம். அன்றைக்கே ஒரு சீட்டில் எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் போக வேண்டும், என்ன கொண்டு போக வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பார்வை மங்கியவருக்குச் சீட்டு போதாது என்பதால், கூட வந்தவரிடமும் சொல்லுங்கள். அடுத்த வாரம் போன் போட்டுப் போனாரா என்று கேட்டு, அந்தப் பதிலுக்கும் உங்கள் தரவுத்தாளில் ஒரு கட்டம் வையுங்கள்.